தையல் பிரித்தாயிற்று, கிணற்றில் குதிக்கலாமா?

ஆனி முடிந்து ஆடி பிறக்கப் போகிறது. இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஆள் வேறு, தண்ணீர் வேறு, அவ்வளவுதான். புண் இருக்கிறது, நீந்தலாமா? முங்கலாமா? சரி, சுகர், பிரஷர், தூக்கம் வராதது எல்லாம் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும், இதையே பேசிவிடலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் பெரும்பகுதி டிரெஸ்ஸிங் ரூமிலேயே போனது. புண்ணைப் பார்த்துப் பார்த்தே கண் பழகியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், என் பையன் ஐந்தாவது படிக்கிறான். சனி, ஞாயிறு நீச்சல் வகுப்பு, மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறோம். திங்கட்கிழமை சைக்கிளோடு ஜல்லியில் விழுந்து முட்டியில் நன்றாகச் சிராய்த்துக்கொண்டான். தையல் போடும் அளவுக்கு இல்லை. இப்போது பொருக்கு கட்டியிருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். கோச் 'வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் ஒட்டி அனுப்புங்க, கிளோரின் தண்ணிதானே, புண்ணுக்கு மருந்து மாதிரி' என்கிறார். மாமியார், பத்து நாளைக்கு முட்டியில் தண்ணீரே படக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா)

பதில்: இந்தக் கடிதம் என் கைக்கு வந்து, நான் எழுதி, நீங்கள் படிப்பதற்குள் அந்த முட்டி ஆறியிருக்கும். ஆனாலும் பத்து வயசுப் பையன், இன்னொரு முட்டி இருக்கிறது, அதனால் சொல்லி வைக்கிறேன். அந்த வாரம் அனுப்பக் கூடாது. அடுத்த சனிக்கிழமை அனுப்பலாம், அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முட்டியைப் பார்த்துவிட்டு.

எதைப் பார்ப்பது? குளித்து முடித்து முட்டியை ஒற்றித் துடைத்த பிறகு, ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைப் புண் மேல் மெதுவாக அழுத்தி அரை நிமிஷம் வையுங்கள். துணியில் ஈரமோ மஞ்சள் கறையோ பட்டால் தோல் இன்னும் மூடவில்லை. ஒன்றும் படவில்லை, பொருக்கும் தானாக உதிர்ந்து கீழே ரோஸ் நிறத்தில் வழவழவென்று தோல் தெரிகிறது, முட்டியை முழுக்க மடக்கினாலும் வெடிக்கவில்லை என்றால் போகலாம். இவ்வளவுதான் கணக்கு. எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் நாளை அவ்வளவாக நம்புவதில்லை. மேலாகச் சிராய்த்த புண் சாதாரணமாக 7 முதல் 10 நாளில் மூடும், ஆனால் முட்டி மாதிரி மடங்கி நிமிர்கிற இடத்தில் ஒருத்தனுக்கு ஏழு நாள், இன்னொருத்தனுக்குப் பன்னிரண்டு நாள்.

பொருக்கு கட்டிவிட்டதே, அது மூடி மாதிரிதானே என்று கேட்பீர்கள். பொருக்கு என்பது கதவு இல்லை அம்மா, கதவு செய்து முடிக்கும் வரை வாசலில் கட்டித் தொங்கவிட்ட சாக்குப் படுதா. அதற்குக் கீழே ஓரத்திலிருந்து புதுத் தோல் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்துகொண்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் தண்ணீரில் ஊறினால் அந்தப் படுதா நொந்து கழன்று போய்விடும், புதுத் தோலும் வெளுத்து, ஊறிய அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆறு நாள் வேலை ஒரு வகுப்பில் போய்விடும்.

கோச் சொன்னதில் பாதி சரி. கிளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் அது குளத்துத் தண்ணீருக்குப் போடுகிற மருந்து, புண்ணுக்குப் போடுகிற மருந்து இல்லை. நன்றாகப் பராமரிக்கிற குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் கிளோரின் இருக்கும், சில கிருமிகள் அதில் சில நிமிஷத்தில் சாகும், சில நாள்கணக்கில் சாகாது, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒன்று ஒரு வாரத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். கூட்டம் கூடினால் கிளோரின் வேகமாகச் செலவாகிவிடும். இன்னொன்று, மூக்கைத் துளைக்கிற 'கிளோரின் வாசனை' வந்தால் குளம் சுத்தம் என்று எல்லோரும் நினைக்கிறோம். வியர்வையும் பிள்ளைகள் தண்ணீரிலேயே விட்ட மூத்திரமும் கிளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நெடி கிளம்புகிறது, கண் எரிவதும் அதனால்தான். கோச்சிடம் கேளுங்கள், கிளோரின் அளவைப் பரிசோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறீர்களா, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று. பட்டென்று பதில் சொன்னால் நல்ல இடம். இழுத்தால், புண் இல்லாத நாளிலும் கொஞ்சம் யோசியுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர்: கையிலோ முதுகிலோ என்றால், மெடிக்கலில் கிடைக்கிற ஒளி ஊடுருவும் படலம் ஒட்டி ஒரு குளியலைச் சமாளிக்கலாம். முட்டியில் நிற்காது. பத்து முறை காலை உதைத்தால் ஓரம் கிளம்பும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. புண் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். அதற்குப் பிளாஸ்டர் இல்லாமல் விட்டதே மேல். அப்புறம், அது தண்ணீரில் கழன்று மிதந்தால் பக்கத்துப் பிள்ளை வாயில் போய் ஒட்டும். உங்கள் பையன் புண்ணிலிருந்து மற்ற பிள்ளைகளுக்கு என்ன போகும் என்பதையும் நினைக்க வேண்டும் இல்லையா.

மாமியார் சொன்னதிலும் பாதி சரி. ஊறக் கூடாது, ஆனால் படலாம். தினமும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் கழுவத்தான் வேண்டும், ஜல்லித் தூள் உள்ளே இருந்தால் அது போக வேண்டும். டெட்டாலை அப்படியே ஊற்றாதீர்கள், கிருமியோடு புதுத் தோலையும் அது சுடும். மஞ்சள் தூள் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. துடைத்துவிட்டு வாசலின் மெலிதாகத் தடவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எல்லோரிடமும் 'கட்டாதீங்க, காத்துப் படட்டும், காயட்டும்' என்று சொல்லி அனுப்பியவள்தான். அது தப்பு. கொஞ்சம் ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண், காயவிட்டுப் பொருக்கு கட்டிய புண்ணைவிட சீக்கிரம் ஆறும், தழும்பும் குறைவு.

பத்து வயசு என்பதால் ஒன்று கேட்கிறேன், பத்து வயதில் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டாயிற்றா? நிறைய வீட்டில் ஐந்து வயசு ஊசியோடு அட்டையை மூடி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

வகுப்பு வீணாகிறதே என்று கவலைப்பட்டால், அந்த இரண்டு நாளும் பையனைக் கரையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தை முக்கி மூக்கால் குமிழி விட்டுப் பழகச் சொல்லுங்கள். நீச்சலில் பாதிப் பேர் திணறுவது கையாலும் காலாலும் இல்லை, மூச்சால்தான்.

கேள்வி: அக்கா, பைக் சைலன்சர் பட்டு வலது கெண்டைக்காலில் சூடு. ஆறு நாள் ஆச்சு. உடனே டூத்பேஸ்ட் போட்டேன். கொப்புளம் வந்து நேற்று உடைந்துவிட்டது, உள்ளே சிவப்பாக இருக்கிறது, எரிகிறது. ஆடிப்பெருக்குக்கு நண்பர்கள் எல்லோரும் ஒகேனக்கல் போகிறோம். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசல் எல்லாம் பிளான். அருவித் தண்ணீர் ஓடுகிற தண்ணீர்தானே, தேங்கிய தண்ணீர் இல்லையே, பரவாயில்லையா?
(பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. எரிகிற சூடு மேலாகப் பட்ட சூடு. வெள்ளையாகவோ கருப்பாகவோ இருந்து தொட்டால் உணர்வே இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும், அப்படிப்பட்டதை அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும். கொப்புளம் வந்த சூடு மூட 2 முதல் 3 வாரம் ஆகும். உங்களுக்கு ஆறு நாள்தான் ஆகியிருக்கிறது, கொப்புளமும் உடைந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு இன்னும் எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், மேலே சொன்ன வெள்ளைத் துணிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை (அடுத்த முறை வேண்டாம்தான், ஆனால் வீட்டில் நாலு பைக் இருக்கும்) டூத்பேஸ்ட், இங்க், காப்பித் தூள், மாவு எதுவும் வேண்டாம். சூடு பட்ட நிமிஷத்திலிருந்து குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காலை நீட்டி நில்லுங்கள். இருபது நிமிஷம் என்பது ரொம்ப நேரம், போரடிக்கும், நின்றே ஆக வேண்டும். ஐஸ் வைக்காதீர்கள். டூத்பேஸ்ட் போட்டு வந்தவர்களுக்கு அதைச் சுரண்டி எடுப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது, அவர்கள் அலறியதை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்கிற நம்பிக்கை நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. ஆடியில் காவிரி எந்த நிறத்தில் வரும் என்று பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்தில் பெய்த மழை வழியில் இருக்கிற வயல், ஊர், சாக்கடை எல்லாவற்றையும் அலசிக்கொண்டு பிலிகுண்டுலு வழியாகச் செம்மண் கரைசலாக இறங்குகிறது. ஆற்றுத் தண்ணீரில் ஏரோமோனாஸ் என்று ஒரு கிருமி உண்டு, மூடாத புண்ணில் அது நுழைந்தால் ஒரே நாளில் கால் சிவந்து வீங்கிவிடும். அதோடு நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகமே குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும், அப்புறம் உங்கள் கேள்விக்கே இடமில்லை.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். தடை இல்லாவிட்டால் பரிசலில் ஏறுங்கள், லைஃப் ஜாக்கெட்டோடு. பரிசலுக்குள் அடியில் தண்ணீர் தேங்கும், அதனால் காலைக் கட்டி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இடம் கேளுங்கள். மசாஜ் செய்பவரிடம் இடுப்புக்குக் கீழே வலது பக்கம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கை காலையிலிருந்து எத்தனை உடம்பைத் தேய்த்திருக்கிறது, அதே கை உங்கள் புண்ணில் வேண்டாம். எண்ணெயை அருவியில் கழுவ முடியாதே என்பீர்கள், ஒரு பக்கெட் குழாய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவுங்கள்.

மீன் வறுவல் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அம்மா கேட்பார். 'புண்ணிருக்கும்போது மீன் தின்னா சீழ் பிடிக்கும்' என்பது சும்மா. தோல் வளரப் புரதம் வேண்டும், மீனும் முட்டையும் நல்லது. தாராளமாகச் சாப்பிடுங்கள். எனக்கும் சேர்த்து ஒரு துண்டு.

புது ரோஸ் தோல் வந்த பிறகும் அந்த இடத்தை ஒரு வருஷத்துக்கு நேர் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கருப்புத் தழும்பு அவ்வளவாக விழாது. பைக் ஓட்டும்போது அரை டவுசர் வேண்டாம், வெயில், சைலன்சர் இரண்டுக்குமே அதுதான் பதில்.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு வயசு 56. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் விவசாயம். முள்வேலிக் கம்பி கிழித்து முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். பன்னிரண்டாவது நாள், அதாவது நேற்று, பிரித்துவிட்டார்கள், நன்றாகக் கூடிவிட்டது. எனக்குச் சொந்தக் கிணறு, நாற்பது வருஷமாகத் தினமும் குதித்து அரை மணி நேரம் நீந்தாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டு நாளாக உடம்பே என்னுடையது மாதிரி இல்லை. பத்து வருஷமாக சுகர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். நாளைக்குக் கிணற்றில் இறங்கலாமா?

பதில்: ஐயா, கடைசி வரிக்கு முந்தைய வரியில் சுகரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

நாளைக்கு வேண்டாம். தையல் பிரித்தது என்றால் தோல் ஒட்டிவிட்டது என்றுதான் பொருள், பலம் வந்துவிட்டது என்று இல்லை. வெட்டுப்பட்டு 3 வாரம் ஆனபோதுகூட அந்த இடத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மாதக்கணக்கில் ஏறி ஏறிக் கடைசியில் 80 சதவீதம் வரைக்கும் வரும், முழுசாகப் பழையபடி வருவதே இல்லை. நீங்கள் கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும்போது தண்ணீர் கால்மீது பளாரென்று அறையும், பிறகு சுவரை உதைத்துத் திரும்புவீர்கள், ஏறும்போது பாசி பிடித்த படியில் கால் சறுக்கி அதே இடம் கல்லில் உரசும். ஏழு தையலும் போட்ட இடம் வாயைப் பிளந்தால் திரும்பத் தைப்பது அவ்வளவு சுலபமில்லை, பழைய புண்ணைத் திறந்தபடியே விட்டுத்தான் ஆற்ற வேண்டி வரும். அது ஒரு மாத வேலை.

சுகர் இருந்தால் இதெல்லாம் இன்னும் மெதுவாகும், கிருமிக்கு எதிரான சக்தியும் குறையும். காலில் மதமதப்பு இருக்கிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா? அப்படியென்றால் கிணற்றுப் படியில் உள்ளங்கால் கிழிந்தாலும் வீட்டுக்கு வந்துதான் இரத்தத்தைப் பார்ப்பீர்கள். நான் கட்டுப் போட்டவர்களில் விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள் யாரும் பெரிய காயத்தோடு வந்தவர்கள் இல்லை ஐயா. ஆணி, முள், கொப்புளம், இவ்வளவுதான். மூன்று மாத சராசரி சுகர் எவ்வளவு என்று பார்த்துவிட்டீர்களா? எட்டுக்கு மேலே இருந்தால் நீந்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் கிணறு சுத்தமான கிணறுதான், சந்தேகமில்லை. ஆனால் சுவர்ப் பொந்தில் புறா இருக்கும், தவளை இருக்கும், மழைக்கு வயல் தண்ணீர் உள்ளே வடியும், எலி இருக்கிற இடத்தில் எலி மூத்திரமும் வரும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகக்கூட நுழைந்துவிடும். தண்ணீரில் இறங்கி 2 நாளிலிருந்து 30 நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடுமையான வலி, கண் சிவப்பு என்று வந்தால் 'வைரல் ஃபீவர்' என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், கிணற்றில் குளித்தேன் என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் பலருக்கும் தாமதமாகிறது.

என் கணக்கு: இன்னும் இரண்டு வாரம். அதுவரை பம்ப்செட் குழாயில் நின்று சோப்புப் போட்டுக் குளியுங்கள், தொட்டிக்குள் இறங்கி உட்கார வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் தழும்பு முழுக்க மூடியிருந்தால், எங்கும் பொருக்கோ கசிவோ இல்லாவிட்டால், படி வழியாக இறங்குங்கள். குதிப்பதை இன்னும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். நாற்பது வருஷப் பழக்கத்தை விடச் சொல்கிற பேச்சே இல்லை, நீந்துவது உங்கள் சுகருக்கும் நல்லதுதான். ஏறி வந்ததும் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும், பேரப்பிள்ளை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்பாது.

கேள்வி: மாங்காய் மண்டியில் வேலை. காம்பு கிள்ளும்போது பால் தெறித்துக் கன்னத்திலும் கையிலும் வெந்து தோல் உரிகிறது. சீசன் முடிந்ததும் தோழிகளோடு அணைக்குப் போய்க் குளிக்கலாமா?
(காவேரிப்பட்டணம்)

பதில்: உரிந்து முடிந்து ஈரம் நின்ற பிறகு குளிக்கலாம், ஒரு வாரம் பத்து நாளில் நின்றுவிடும். ஆனால் அணைக் கால்வாயில் இறங்காதீர்கள் கண்ணு, அது புண்ணுக்காகச் சொல்வது இல்லை, உயிருக்காக. மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுக்கும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், காம்புப் பாலில் தோலைச் சுடுகிற எண்ணெய் இருக்கிறது. பட்டதும் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், துடைத்தால் பரவும். மண்டியில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கருப்பு போக மாதங்கள் ஆகும், வெயிலில் போகும்போது துப்பட்டாவால் மூடிக்கொள்ளுங்கள். சிவப்பு க்ரீம் வெள்ளை க்ரீம் என்று மெடிக்கலில் கேட்டு முகத்தில் தடவாதீர்கள்.

கேள்வி: ஓசூரில் இருக்கிறோம். என் தம்பி கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கி நுரையை அள்ளி விளையாடியிருக்கிறான். காலில் ஏற்கனவே நாய் பிராண்டிய கீறல். என்ன செய்வது?

பதில்: இரண்டு விஷயம் இருக்கிறது, முக்கியமானது நுரை இல்லை. நாய் பிராண்டி இரத்தம் கசிந்ததா? தோல் கொஞ்சம் உரிந்திருந்தாலும் இன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இப்போதும் போடத்தான் வேண்டும். போவதற்கு முன் கீறலை சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், அதுவே ஆற்றுத் தண்ணீருக்கும் வைத்தியம்.

நுரையைப் பற்றி: தென்பெண்ணையில் பெங்களூருவின் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வருகிறது, சோப்புச் சத்துதான் அப்படிப் பொங்குகிறது. புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கால் வைக்க வேண்டாம். செல்ஃபி எடுக்க வேண்டுமென்றால் கரையிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஆற்றங்கரைக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறோம். முடிந்ததும் ஆற்றில் முழுக்காட்ட வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வரிசையை மாற்றிவிடுங்கள். முதலில் ஆற்றில் ஒரு முழுக்கு, பிறகு மொட்டை, பிறகு பக்கெட்டில் கொண்டுபோன வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்கு ஊற்றல், கடைசியில் காது. சாமி கோபிக்க மாட்டார், பெரியவர்களிடம் 'ஆற்றில் முழுகியாச்சு' என்று சொல்ல உங்களுக்கும் ஒரு பதில் இருக்கும். பிளேடு புதுசா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் குழந்தையைக் கொடுங்கள். காது மடல் ஆற 6 முதல் 8 வாரம், அதுவரை ஆறு, ஏரி, நீச்சல் குளம் எதிலும் தலையை முக்க வேண்டாம்.

கேள்வி: அம்மையீர், நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர். உங்கள் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறேன். எதற்கெடுத்தாலும் கிருமி கிருமி என்று பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் எல்லாம் காலில் புண்ணோடு ஏரியில் விழுந்து கிடந்து வளர்ந்தவர்கள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம். குதிகாலில் பித்தவெடிப்பு, சில சமயம் இரத்தம் வருகிறது. கடல் உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது என் அனுபவம். இதற்கும் கூடாது என்றுதானே எழுதப் போகிறீர்கள்?

பதில்: சார், நானும் அப்படி வளர்ந்தவள்தான். பன்னிரண்டு வயசில் கேழ்வரகு அறுக்கப் போய் பண்ணரிவாள் கணுக்காலில் இழுத்துவிட்டது. நாலாம் நாள் யாருக்கும் தெரியாமல் கிணற்றில் குதித்தேன், அடுத்த நாளும் குதித்தேன். அதற்கு மறுநாள் தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் தொடை வரைக்கும் சிவப்புக் கோடு ஏறி, குளிர்க் காய்ச்சலில் கிடந்தேன். என்னை மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பென்சிலின் ஊசி இல்லையென்றால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அரைப் பரீட்சை போயிற்று. தழும்பு இன்னும் இருக்கிறது, மழைக்கு முன்னால் அரிக்கும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை, எனக்கு ஆனதும் உண்மை.

அதனால் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதிவிடுகிறேன்: தண்ணீரில் இறங்கிய பிறகு புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினாலோ, சீழ், நெறி, காய்ச்சல், சிவப்புக் கோடு எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் காலை வரை பார்க்கலாம் என்பது வேண்டாம்.

ராமேஸ்வரத்துக்கு வருவோம். கூடாது என்று எழுதப் போவதில்லை. கோயிலுக்குள் 22 தீர்த்தமும் வாளியில் இறைத்துத் தலையில்தான் ஊற்றுகிறார்கள், யாரும் ஊறிக் கிடப்பதில்லை. உங்கள் பிரச்சினை தலைக்கு மேலே இல்லை, காலுக்குக் கீழே. ஆயிரம் பேர் நடந்த ஈரக் கல்தரையில் இரண்டு மணி நேரம் வெறுங்காலோடு நடக்கப் போகிறீர்கள், வெடித்த குதிகாலோடு. அதற்கு முன்னால் அக்னி தீர்த்தம், அதாவது கடல். கடல் தண்ணீர் உப்பாக இருப்பதால் கிருமி இருக்காது என்பது இல்லை சார். அந்த உப்பிலேயே வாழப் பழகிய விப்ரியோ என்கிற கிருமி இருக்கிறது, வெதுவெதுப்பான கடலில் நன்றாகப் பெருகும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்குப் புண் வழியாக அது நுழைந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். கல்லீரல் பிரச்சினையோ சுகரோ இருந்தால், வெடிப்பு மூடாமல் கடலில் இறங்காதீர்கள், கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கிறதே. இன்று இரவிலிருந்து பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்துத் துடைத்து, யூரியா கலந்த க்ரீம் கேட்டு வாங்கி வெடிப்பைச் சுற்றித் தடவி, இரத்தம் வருகிற இடத்தில் மட்டும் வாசலின் வைத்து, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். பிளேடால் சீவ வேண்டாம், கல்லில் தேய்க்கவும் வேண்டாம். பகலில் குதிகால் மூடிய செருப்பு. மூன்று வாரத்தில் பெரும்பாலும் மூடிவிடும், மூடவில்லையென்றால் தோல் டாக்டரைப் பாருங்கள், அது வெடிப்பாக இல்லாமல் படையாகவோ சொரியாசிஸாகவோ இருக்கலாம்.

கடைசியாக எப்போது டிடி போட்டீர்கள் என்று எழுதவில்லையே சார்? சுத்தமான காயத்துக்கு 10 வருஷம், மண்ணோ சேறோ பட்ட காயத்துக்கு 5 வருஷம். தேதி ஞாபகம் வரவில்லையென்றால் திங்கட்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, அப்புறம் டிக்கெட் எடுங்கள்.